துண்டு வந்தால் கரண்டு

கூக்காலில் முதல் பஸ் புறப்பட்டபோது வீரம்மா உள்ளே போய் உட்காரவில்லை. படிப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கண்டக்டர் நாச்சிமுத்துவை மறித்தாள்.

"டிக்கெட்டு கெடக்கட்டும்ண்ணே. அன்னைக்கு எங்கிட்ட வாங்குன தூக்குச்சட்டிய எங்க கொண்டு போயி வச்சீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

"உள்ள போயி ஒக்காரு தங்கச்சி. வளைவுல விழுந்து வைக்காத."

"விழுந்தா விழுறேன். எங்க வீட்டுல விழுறது புதுசா?"

பூண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டவுன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பனிமூட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

நாச்சிமுத்து தோல்பையை இழுத்து விட்டுக்கொண்டான். "வளைவுல நிறுத்திட்டு ரெண்டு தடவ விசிலடிச்சேன் தங்கச்சி. பேரச் சொல்லியும் கூப்புட்டேன். சோலைமலை ஓடைக்குள்ள இருக்கற கரண்டு போஸ்ட்டு மேல இருந்திருக்காப்ல. இந்த மூட்டத்துல யாரு கண்டா? டிரைவர் ஆரன் மேல ஆரன் அடிக்கிறான். சரி, எப்படியும் சப்ஸ்டேஷனுக்கு வருவாப்லன்னு அங்கன ஜன்னல்ல வச்சுட்டு வந்தேன்."

"வைக்கிறப்ப என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? தெனம் வைக்கிறதுதானே."

"உள்ள ரொட்டி இருக்கு, சோலைமலை இன்னும் திங்கலன்னு ஒரு வார்த்த. அதுக்கு உங்க வாய் நோகுமா?"

நாச்சிமுத்து பின் சீட்டுப் பக்கம் நகர்ந்தான். அவள் விடவில்லை. "இதையே இன்னைக்கு இஞ்சினியர் முன்னாடி வந்து சொல்லுங்கண்ணே."

"பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டா? மொதலாளி என்னைய ஏறக் கட்டிருவாரு."

சோலைமலை கரண்டாபீஸில் லைன்மேன். அய்யம்பாளையத்துக்காரன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண்ணான வீரம்மாவைக் கட்டிக்கொண்டு மேல்மலையிலேயே தங்கிவிட்டவன். எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சீசனில், கோடை மழைக்கு ஒரு சீகை மரம் கம்பி மேல் சாய்ந்தது. அதைச் சரிபண்ண ஏறியவன் மேலே இருக்கும்போதே கம்பியில் கரண்டு வந்துவிட்டது. தூக்கி எறியப்பட்டு ஓடைச் சரிவுப் புதரில் விழுந்ததால் உயிர் மிஞ்சியது. வலது கையை மதுரையில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் வீரம்மா அழுதுவிட்டு இருந்திருப்பாள். ஆபீஸில் ஜே.இ. என்கிற சின்ன இஞ்சினியர் மேலே எழுதி அனுப்பியது தெரிந்த பிறகுதான் அழுகை நின்றது. சோலைமலை நேரில் வந்து 'வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் போனானாம். அப்புறம் யாரையும் கேட்காமல் தன்னிஷ்டத்துக்குத் திரும்ப ஏறினானாம். இன்றைக்குக் கீழேயிருந்து பெரிய இஞ்சினியர் விசாரிக்க வருகிறார். ஜே.இ. சொன்னதே நிலைத்துவிட்டால் சோலைமலைக்கு வேலை போகும். வேலையில் அடிபட்டவன் என்ற பேரும் போகும். கொழுப்பெடுத்து ஏறி விழுந்தவன் என்றாகிவிடும். ஒற்றைக் கையோடு, அந்தப் பேரையும் சுமந்துகொண்டு அவன் எங்கே போய் வேலை கேட்பான்?

நடந்தது என்ன என்று அவளுக்கு மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. சொன்னவன் பொன்னுச்சாமி, சோலைமலைக்கு உதவியாக ஏணி தூக்கும் தினக்கூலி ஆள்.

"கம்பியில வேல செய்யணும்னா மொதல்ல சப்ஸ்டேஷனுக்குப் போயி லைன அணைக்கச் சொல்லணும் மதினி. வேல முடிஞ்சதும் மேலேர்ந்து போன்ல சொல்லுவோம், அவங்க போட்டுக்குவாங்க. லைன் வேலைக்குன்னு இருந்த அந்தப் போன் கம்பிதான் போன ஐப்பசி மழையில போஸ்ட்டோட விழுந்துச்சு. இன்னும் சோலைக்குள்ளதான் கெடக்கு. நாங்க வேலய முடிச்சு நடந்து வந்து சொல்றதுக்குள்ள பொழுது போயிருது. அந்த லைன்லதான் பெரிய ஓட்டல் ஒண்ணு இருக்கு. அவன் நிமிசத்துக்கு ஒரு தடவ கத்துறான். அதான் ஜே.இ. ஒரு வழி கண்டுபுடிச்சாரு. வேல முடிஞ்சதும் துண்ட வெறுந் தூக்குச்சட்டியில கட்டி பஸ்ஸுல குடுத்து வுடுங்கடா. துண்டு வந்தா கரண்டுன்னு. அண்ணனுக்குச் செகப்பு, எனக்குப் பச்ச."

வீரம்மா அந்த வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அன்றைக்குச் சிவப்புத் துண்டைக் கட்டி அனுப்பியது அவள்.

விடியும் முன்பே ஆள் வந்து கூப்பிட்டதால் சோலைமலை துண்டும் எடுக்காமல், சோறும் எடுக்காமல் ஓடியிருந்தான். லைனை அணைக்கச் சொன்னபோது சப்ஸ்டேஷனில், 'துண்ட மறந்துட்டேன், இன்னைக்கு நானே நேருல வந்து சொல்றேன்' என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான். வீட்டில் அவள் கோதுமை ரொட்டி சுட்டு, தேங்காயும் மிளகாயும் இடித்துச் சம்பல் அரைத்து, தூக்குச்சட்டியில் போட்டு, கொடியில் கிடந்த சிவப்புத் துண்டால் சூடு ஆறாமல் சுற்றிக் கட்டி, முதல் பஸ்ஸில் கொடுத்து விட்டாள்.

"துண்டு சங்கதிய வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன?" என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"சொன்னா பயப்படுவ," என்றான் சோலைமலை.

"இப்பப் பயப்படாமத்தான் நிக்கிறேனா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடிபட்டவன் மேலேயும் கோபம் வரும் என்பதை அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

சப்ஸ்டேஷன் மலைப்பாதை வளைவில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், பின்னால் இரைச்சலோடு நிற்கும் டிரான்ஸ்பார்மர், எதிரில் ஒரு டீக்கடை. வீரம்மா இறங்கும்போது பொன்னுச்சாமி ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். கழுத்தில் பச்சைத் துண்டு.

"எங்கலே கெளம்பிட்ட? இன்னைக்குத்தானே நீ பேசணும்."

"மேல லைனுக்குப் போகச் சொல்லிட்டாரு மதினி. ஓட்டல்ல கரண்டு மினுக்குதாம். இன்னைக்கே பாத்தாகணுமாம்."

"நாளைக்குப் பாத்தா ஓட்டலு ஓடிருமா?"

"நான் தெனக்கூலி மதினி. வராதன்னு ஒத்த வார்த்த சொன்னாப் போச்சு. என்னைய எதுக்கு இன்னைக்கு அனுப்புறாருன்னு எனக்கு மட்டும் தெரியாதா?"

"தெரிஞ்சும் போற."

"போகாம?" அவன் வாசல் கேட்டைக் கண்ணால் காட்டினான். தடித்த சங்கிலி ஒன்று பூட்டோடு தொங்கியது. "அது என்னன்னு தெரியுதா? எர்த்து சங்கிலி. அத எடுத்துக் கம்பி மேல போட்டு மறுமுனைய மண்ணுல எறக்கிட்டு ஏறுனோம்னா, எவன் தப்பா கரண்ட விட்டாலும் மண்ணுக்குள்ள போயிரும், ஆளத் தொடாது. கேட்டுக்குப் பூட்டுச் சங்கிலி இல்லன்னு அதக் கட்டி வச்சிருக்காக. இதையெல்லாம் பேசணும்னா எனக்கும் ஆசைதான்."

"துண்டக் குடுத்து விடாதலே. நடந்து வந்து சொல்லு."

"வேல முடியட்டும் மதினி, பாப்போம்," என்று சொல்லிவிட்டு அவன் மூட்டத்துக்குள் ஏறிப் போனான். உள்ளே ஆப்பரேட்டர் தண்டாயுதபாணி அந்த லைனை அணைக்கிற சத்தம் டக்கென்று கேட்டது. டீக்கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது.

வீரம்மா ஜன்னல் வழியாகத் தண்டாயுதபாணியைப் பார்த்தாள். பழனி டவுன்காரர். நெற்றியில் திருநீறு அழியாமல் வேலைக்கு வருகிறவர். சோலைமலையோடு எத்தனையோ நாள் அவள் சுட்ட ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர். அவளைக் கண்டதும் மீட்டர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தத் தூக்குச்சட்டியக் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

அவர் துணியைப் பிழிந்தார்.

"வெறுஞ்சட்டிக்கும் ரொட்டி இருந்த சட்டிக்கும் கனம் தெரியாதா உங்களுக்கு?"

"கையில எடுக்கலைம்மா," என்றார் மெதுவாக. "ஜன்னல்ல துண்டுதான் தெரிஞ்சுது. ஓட்டல்காரன் டவுன் போன்ல கத்திக்கிட்டு இருந்தான். ஜே.இ. என் பொடதிக்குப் பின்னாலயே நின்னாரு. துண்டு வந்துருச்சு சார்ன்னேன். அப்புறம் என்ன, போடுய்யான்னாரு."

"சோலைமலை காலையில உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே போனாரு, நேர்ல வாரேன்னு?"

"சொன்னாப்ல. துண்டப் பாத்ததும் அது மறந்து போச்சும்மா. கை பழகிப் போச்சு."

"இத அப்படியே அந்தப் பெரிய தொரகிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எனக்கு மூணு பொட்டப் புள்ளைக," என்றார் தண்டாயுதபாணி. மறுபடி மீட்டரைத் துடைக்கப் போனார்.

பெரிய இஞ்சினியர் வந்து சேர மதியமாகிவிட்டது. அடிவாரத்து வெயிலுக்குப் பழகிய மனிதர். மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வராந்தாவில் போட்டிருந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜே.இ. பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். சின்ன வயசு, மீசை வழித்த முகம், டவுன் இங்கிலீஷ்.

"சிம்பிள் கேஸ் சார். வொர்க் முடிஞ்சதுன்னு நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிட்டான். அப்புறம் எதுக்கோ திரும்ப ஏறியிருக்கான். ஓவர் கான்பிடன்ஸ்."

"ஆப்பரேட்டர், அப்படித்தானா?"

தண்டாயுதபாணி எழுந்து நின்றார். தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க," என்றார்.

வீரம்மா படியில் உட்கார்ந்திருந்தவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "அவரு வரல தொர. துண்டுதான் வந்துச்சு."

"என்ன துண்டும்மா?"

அவள் சொன்னாள். ஐப்பசி மழையில் விழுந்த போஸ்ட்டிலிருந்து கொடியில் கிடந்த சிவப்புத் துண்டு வரை ஒன்றும் விடாமல் சொன்னாள். பெரிய இஞ்சினியர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் கடைசி வரை கேட்டார்.

"இது மாதிரிப் பழக்கம் உண்டா?" என்று ஜே.இ.யிடம் திரும்பினார்.

ஜே.இ. சிரித்தார். "சார், லைன் கிளியர் குடுக்கிறதுக்கு ரூல்ஸ் இருக்கு. துண்டு, வேட்டின்னு நம்ம டிபார்ட்மென்ட்ல யாராவது செய்வாங்களா? பாவம், ஹஸ்பெண்டுக்கு இப்படி ஆனதுல இந்தம்மா ஏதோ பேசுது."

"தோட்டத்துல கங்காணிமாரும் இப்படித்தான் இருந்தாங்க," என்றாள் வீரம்மா. "பொழுது சாய இன்னும் ரெண்டு கூடக் கொழுந்து எடுன்னு வாயால சொல்லுவாங்க. சரிவுல கால் வழுக்கி ஒருத்தி விழுந்துட்டா, நான் எங்க சொன்னேன்னு கேப்பாங்க. கடலத் தாண்டி வந்தும் அதே வாய்தான் எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிது."

"மரியாதையாப் பேசும்மா."

"மரியாதையாத்தான் சொல்றேன். நாந்தான் கட்டுனேன். இந்தக் கையாலதான் முடிச்சுப் போட்டேன். எம்புருசன் கை போனதுக்கு என் கையும் காரணம்னு எழுதிக்கங்க தொர, நான் ரேகை வைக்கிறேன். ஆனா ரொட்டி சுட்டுக் கட்டுன பொம்பள ஒருத்தி கையில இத்தனாம் பெரிய கரண்ட யாரு தூக்கிக் குடுத்தா? அதையும் சேத்து எழுதுங்க."

பெரிய இஞ்சினியர் பேனா மூடியைத் திருகினார். "உனக்குச் சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?"

"பொன்னுச்சாமி இருக்கான்."

"எங்கே?"

"மேல லைன்ல வேலையா இருக்கான் சார்," என்றார் ஜே.இ. "சீசன் டைம். தவிர்க்க முடியல."

"கண்டக்டர் நாச்சிமுத்து இருக்காரு."

"பிரைவேட் பஸ் ஆளு சார். அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

பெரிய இஞ்சினியர் பெருமூச்சு விட்டார். மூட்டம் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் அவருக்கு மலை இறங்கவேண்டும். "சரிம்மா. நீ சொன்னதைக் குறிச்சுக்கறேன். ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணுமே," என்று காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

மதுரையில் ஒற்றைக் கையோடு கிடப்பவனிடம் போய் என்ன சொல்வது என்று வீரம்மா நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கூக்காலிலிருந்து திரும்பிய பஸ் வளைவில் ஆரன் அடித்து நின்றது. நாச்சிமுத்து குதித்து இறங்கினான். வராந்தாவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவன் பார்க்கவில்லை. நேரே கட்டடத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடி, ஒரு தூக்குச்சட்டியை வைத்தான். அதன் காதில் பச்சைத் துண்டு கட்டியிருந்தது.

"துண்டு வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்குத் திரும்பினான்.

தண்டாயுதபாணி எழுந்தார். வராந்தாவைக் கடந்து உள்ளே போனார். டக்கென்ற சத்தம் கேட்டது. எதிர் டீக்கடையில் ரேடியோ பாட ஆரம்பித்தது.

தண்டாயுதபாணி கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு அந்த ரேடியோவைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பெரிய இஞ்சினியர் எழுந்து ஜன்னல் ஓரம் வந்தார். "இப்ப என்ன பண்ணீங்க?"

"லைன் போட்டேன் சார்."

"யார் சொன்னது?"

தண்டாயுதபாணி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜே.இ.யைப் பார்த்தார். "ஜே.இ. சார்தான் சார். ஐப்பசியிலேர்ந்து. துண்டு வந்தாப் போடுன்னு. அன்னைக்கும் அவருதான் பின்னால நின்னு போடச் சொன்னாரு. சோலைமலை வரல சார். நான் சொன்னது பொய்."

"சார், அது வந்து, ஒரு டெம்பரரி அரேஞ்ச்மென்ட்..." என்றார் ஜே.இ.

வீரம்மாவுக்கு ஜெயித்தது போல ஒரு நிமிஷம் நெஞ்சு தூக்கியது. அடுத்த நிமிஷமே பொன்னுச்சாமியின் நினைவு வந்தது. அவள் பஸ் பக்கம் ஓடினாள்.

"அண்ணே, பொன்னுச்சாமி கீழ எறங்கிட்டானா?"

படியில் ஏறப் போன நாச்சிமுத்து நின்றான். "தெரியலையே தங்கச்சி."

"அவன்தானே சட்டியக் கையில குடுத்தான்?"

"இல்ல. ரோட்டோரம் மைல்கல்லு மேல வச்சிருந்தான். எப்பவும் அப்படித்தான் வப்பான். எடுத்துட்டு வந்தேன்."

"அணைய்யா," என்றார் பெரிய இஞ்சினியர். "அணை. ஒடனே அணை."

ரேடியோ மறுபடி நின்றது. உள்ளே டவுன் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சார், ஓட்டல்லேர்ந்துதான் இருக்கும்," என்றார் ஜே.இ.

"கெடக்கட்டும்," என்று வீரம்மா சொல்லிவிட்டு பெரிய இஞ்சினியர் வந்த ஜீப்பில் ஏறினாள். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை, இறங்கச் சொல்லவும் துணியவில்லை.

ஜீப் மூட்டத்துக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறியது. பெரிய இஞ்சினியரும் ஜே.இ.யும் கூட இருந்தார்கள். வீரம்மா கம்பிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு போஸ்ட்டாக மூட்டத்திலிருந்து வெளியே வந்து, பின்னால் போய் மறைந்தது. கருப்பாக ஏதாவது மேலே தொங்குகிறதா என்றுதான் அவள் கண் தேடியது. ஒரு போஸ்ட்டில் கிளை ஒன்று சிக்கியிருந்ததைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைல்கல் வந்தது. அதைத் தாண்டிச் சரிவுப் பாதையில் ஒரு ஏணி அசைந்து வந்தது. ஏணிக்குக் கீழே பொன்னுச்சாமி, வாயில் பீடி.

ஜீப்பில் வந்தவர்களைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "என்ன மதினி, அண்ணனுக்கு ஏதாச்சுமா?"

"ஏலே, துண்டக் குடுத்து விடாதன்னு சொன்னேன்லலே." அவள் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஏணி ஆடியது. "எறங்கிட்டியா? எப்ப எறங்குன?"

"எறங்கித்தானே நிக்கிறேன். விடுங்க மதினி. பஸ்ஸு போயிட்டா அப்புறம் நான் அம்புட்டுத் தூரமும் நடக்கணும்னு துண்ட வச்சேன்." அவன் பெரிய இஞ்சினியரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "வச்சதுக்கு அப்புறந்தான் சார் கவனிச்சேன். மேல ஒரு கட்டுக் கம்பி லூசாத் தெரிஞ்சுச்சு. இன்னொரு தடவ ஏறி முறுக்கிட்டு வந்துருவோம்னுதான் பாத்தேன். பஸ்ஸு போயி துண்டு சேர நேரமாகும்னு ஒரு நெனப்பு. ஏணியத் திரும்பத் தூக்கி நிறுத்தணுமே, நாளைக்குப் பாத்துக்குவோம்னு சோம்பல்ல விட்டுட்டேன்."

பெரிய இஞ்சினியர் மப்ளரை அவிழ்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜே.இ.யிடம், "கீழே போனதும் உங்க பொறுப்பை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சுடுங்க," என்றார். "விழுந்த போன் கம்பியைத் திரும்பப் போடற வரைக்கும், ஆள் நேர்ல வந்து சொல்லாம இந்த லைன்ல கரண்டு விடக்கூடாது. ஓட்டல்காரன் கேட்டா என்கிட்டப் பேசச் சொல்லுங்க." பிறகு வீரம்மா பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போம்மா. நான் ஆபீஸ் போய் எல்லாத்தையும் சரியா எழுதறேன்."

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

வீரம்மா ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கு வெளிச்சம் அவள் சேலை மேல் விழுந்தது.

"ஆபீஸ் தூரமா இருக்கு தொர. இங்கனயே எழுதுங்க. இவன் சோம்பேறி, அதனால பொழச்சான். எம்புருசன் சோம்பல் படல, அதனால கை போச்சு. மொதல்ல அத எழுதுங்க."

"நகரும்மா," என்றார் ஜே.இ. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பெரிய இஞ்சினியர் மடியிலிருந்த காகிதங்களில், மேலே இருந்த ஜே.இ.யின் அறிக்கையை எடுத்துக் குறுக்கே கிழித்தார். அடியிலிருந்த வெள்ளைத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைப் பொன்னுச்சாமியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் வரை வீரம்மா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.